அங்கீகரிக்கப்படாத தண்ணீர்

தேவிப்ரியாவுக்கு ஓடத் தெரியும். மாரத்தானுக்கு அது போதும் என்று இருபத்தெட்டு வயதுவரை நம்பிக்கொண்டிருந்தாள். குடிக்கவும் முறைப்படி தெரிந்திருக்க வேண்டும் என்பது நெடுந்தூர ஓட்டப் பேரவையின் படியேறிய பிறகுதான் அவளுக்கு விளங்கியது.

திருமயத்தில் அவளும் அவள் கணவன் அரவிந்த்குமாரும் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார்கள். காலையில் கடை திறப்பதற்குள் அவள் பதினைந்து கிலோமீட்டர் ஓடி, குளித்து, நாலு இட்லி சாப்பிட்டு, மெஷினுக்குப் பேப்பரும் போட்டிருப்பாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் வனக்காவலர் வேலைக்கு விண்ணப்பிக்கும் வயது அவளுக்கு இந்த வருடத்தோடு முடிகிறது. பேரவை நடத்தும் திருமயம் – நார்த்தாமலை மாரத்தானில் பெண்கள் பிரிவில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தால் ஒரு சான்றிதழ் தருவார்கள். அதை இணைத்தால்தான் விண்ணப்பத்தை வாங்குவார்கள். ஒன்பது வருடமாக ஊரார் விண்ணப்பங்களை நகலெடுத்துக் கொடுத்தவளுக்குத் தன் பெயரில் ஒரு விண்ணப்பத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்று ஆசை. ஆசை என்பது மரியாதைக்குச் சொல்வது, வெறி என்பதுதான் சரி.

பேரவையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அதில் தலைவர் ஒருவர், துணைத் தலைவர்கள் ஒன்பது பேர், செயலாளர்கள் நான்கு பேர். ஓடுகிறவர் ஒருவர்கூடக் கிடையாது. ஓடுகிறவர்களை நிர்வாகத்தில் சேர்த்தால் கூட்டத்தில் ஒரு இடத்தில் உட்கார மாட்டார்கள் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிட்டார்கள். தலைவர் வெற்றிசெல்வன் கடைசியாக ஓடியது எட்டாம் வகுப்பில், ஒரு நாய்க்கு முன்னால். அன்றைக்கு ஜெயித்ததும் நாய்தான் என்று அவரோடு படித்தவர்கள் சொல்கிறார்கள்.

இந்த வருடம் பேரவைக்கு ‘நீலசக்தி’ என்ற விளையாட்டுப் பானத்தின் ஆதரவு கிடைத்திருந்தது. பெயருக்கேற்ற நிறம், சொட்டு நீலத்துக்கு அடுத்த வீடு. ஆதரவு கிடைத்ததும் பேரவை ஒரு ‘திரவ ஒழுங்குக் குழு’வை அமைத்தது. குழு மூன்று மாதம் உட்கார்ந்து விதிகள் எழுதியது. போட்டிக்குப் பத்து நாள் முன்பு, ஓடுகிறவர்களுக்கு அரைநாள் பயிற்சி வகுப்பு வைத்து அவற்றை விளக்கியது. தலைப்பு: ‘தாகம் வருவதற்கு முன்பே குடிப்பது எப்படி?’

வெற்றிசெல்வன் மைக்கைப் பிடித்தார்.

“தாகத்தை நம்பி யாரும் ஓடக் கூடாது. தாகம் என்பது என்ன? அது தனிநபர் விருப்பம். இவருக்கு இப்போது வரும், அவருக்கு அப்புறம் வரும். ஒரு மாவட்டப் போட்டியை அப்படி நடத்த முடியுமா? ஆகவே இந்த ஆண்டு முதல் தாகம் ஆறு கிலோமீட்டருக்கு ஒருமுறை. குழு தீர்மானம் போட்டிருக்கிறது.”

கைதட்டினார்கள். தேவிப்ரியாவும் தட்டினாள், எதற்கென்று பிறகு யோசித்துக்கொள்ளலாம் என்று.

வழியில் ஆறு பானப் பந்தல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தம்ளர் நீலசக்தியை மிச்சம் வைக்காமல் குடித்து, ‘திரவ உட்கொள்ளல் அட்டை’யில் முத்திரை வாங்க வேண்டும். ஆறு முத்திரை இல்லாதவருக்குச் சான்றிதழ் இல்லை. வேறு எதைக் குடித்தாலும் அது ‘அங்கீகரிக்கப்படாத திரவம்’, போட்டியிலிருந்து நீக்கம். அந்தப் பட்டியலில் இளநீர், மோர், டீ, சர்பத் என்று வரிசையாகப் போட்டு, கடைசியில் ‘தண்ணீர் உள்பட’ என்று முடித்திருந்தார்கள்.

தேவிப்ரியா எழுந்தாள். “ஐயா, நான் தினமும் தண்ணி குடிச்சுத்தான் ஓடுறேன். அப்படியே பழகிருச்சு.”

“அதுதாம்மா நம்ம நாட்டோட பிரச்சனை,” என்றார் வெற்றிசெல்வன் வருத்தத்துடன். “தண்ணியிலயே நின்னுட்டோம்.”

மருத்துவக் கருத்துக்காக டாக்டர் பவுசியாவை மேடையில் உட்கார வைத்திருந்தார்கள். அவரும் நெடுந்தூரம் ஓடுகிறவர், அது தெரிந்திருந்தால் அழைத்திருக்க மாட்டார்கள். அவர் சொன்னார்:

“ஒரு மணி நேரம் ஓடுறவங்களுக்குத் தண்ணியே போதும்ங்க. நாலு மணி நேரம் வெயில்ல ஓடுறவங்களுக்குக் கொஞ்சம் உப்பும் சக்கரையும் உள்ள போனா நல்லதுதான். அது இந்தப் பானத்துல இருக்கு. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்துலயும் இருக்கு. ரெண்டு வாழைப்பழமும் உப்புக்கடலையும் தின்னுட்டுத் தண்ணி குடிச்சாலும் கெடைக்கும். தாகம் எடுத்தா குடிங்க, எடுக்கலைன்னா திணிக்காதீங்க. வெறும் தண்ணியையே குடம் குடமாக் குடிக்கிறதும் தப்பு. அவ்வளவுதான் விசயம்.”

சபையில் ஒரு சங்கடம் நிலவியது. இவ்வளவு சின்ன பதிலுக்கு ஒரு குழுவும் ஆறு பந்தலும் எப்படி வைப்பது என்று எல்லாருக்கும் தோன்றியிருக்கும். வெற்றிசெல்வன் டாக்டருக்குப் பொன்னாடை போர்த்தி, ‘டாக்டர் நீலசக்தியை மனமார வரவேற்றார்’ என்று குறிப்பில் எழுதச் சொன்னார்.

போட்டி ஒரு சனிக்கிழமை. காலை ஐந்தரைக்குத் தொடக்கம் என்று நோட்டீசில் இருந்தது. திருமயம் கோட்டை வாசலில் ஐந்து மணிக்கே அறுபத்திரண்டு பேர் காலை உதறிக்கொண்டு நின்றார்கள். தலைவர் ஆறே முக்காலுக்கு வந்தார். பிறகு வரவேற்புரை, முன்னிலை உரை, நீலசக்தியின் வரலாறு, ஒன்பது துணைத் தலைவர்களுக்கும் பொன்னாடை. ஏழரை மணிக்குக் கொடி அசைத்தபோது வெயில் கோட்டைச் சுவரைத் தாண்டி இறங்கி வந்துவிட்டது. அதுவும் ஓடத் தயாராக இருந்தது.

அரவிந்த்குமார் டி.வி.எஸ். வண்டியில் பின்னால் வந்தான். வண்டியின் முன்பையில் ஒரு பழைய கூல்டிரிங்ஸ் பாட்டில் நிறைய வீட்டுத் தண்ணீர்.

“மாமா, அத எனக்குக் குடுத்திராதீங்க,” என்றாள் தேவிப்ரியா. “பேரவையில பாத்தா முடிச்சு விட்டுருவாங்க.”

“எனக்குத்தான் புள்ள. நானும் வெயில்லதான வாரேன்.”

முதல் ஆறு கிலோமீட்டர் சுகமாகப் போனது. பெண்களில் அவளுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. ஆண்களில் முன்னே போன இருவரையும் தாண்டி, முதல் ஆளாகப் பந்தலை அடைந்தாள். வாழைமரம், தோரணம், பின்னால் நீல டிரம், குறுக்கே ஒரு சிவப்பு ரிப்பன். முத்திரைக்கட்டையோடு உட்கார்ந்திருந்தவரிடம் அட்டையை நீட்டினாள்.

“இருங்க, இன்னும் பந்தல் தெறக்கலை,” என்றார் அவர்.

இங்கேதான் பேரவை ஒரு சின்ன விஷயத்தைக் கவனிக்காமல் விட்டிருந்தது. ஆறு பந்தலையும் ஆறு துணைத் தலைவர்கள் ரிப்பன் வெட்டித் திறந்து வைப்பதாக ஏற்பாடு. கொடியசைப்பு முடிந்து, படம் எடுத்து, டிபன் சாப்பிட்டு, காரில் ஏறி அவர்கள் வர வேண்டும். ஓடுகிறவர் காரைவிட முன்னால் வந்துவிடக் கூடும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இத்தனை வருடமாக எந்த விழாவிலும் சிறப்பு விருந்தினருக்கு முன்னால் வருவது கூட்டம் மட்டும்தான், கூட்டம் காத்திருக்கும். அதற்காகத்தான் அது கூட்டம்.

பத்து நிமிடம் கழித்து கார் வந்தது. துணைத் தலைவர் ரிப்பனை வெட்டி, நாலு வார்த்தை பேசி, முதல் தம்ளரைத் தேவிப்ரியாவிடம் கொடுத்து, கேமரா சரியாகப் பிடிக்கவில்லை என்பதால் திருப்பி வாங்கி மறுபடியும் கொடுத்தார். வேர்த்து வழிந்துகொண்டிருந்தவள் மேல் ஒரு பொன்னாடை விழுந்தது. அவள் அதை அரவிந்த்குமாரிடம் எறிந்துவிட்டுத் தம்ளரைக் காலி செய்தாள். வாய்க்குள் ஒரு ஜெல்லி மாதிரி ஏதோ நகர்ந்து போனது. இனிப்பு காதுவரை ஏறியது.

“நாக்க நீட்டுங்க,” என்றார் முத்திரைக்காரர்.

“எதுக்குங்க?”

“நாக்கு நீலமா இருந்தாத்தான் குடிச்சதா அர்த்தம். விதி.”

நீட்டினாள். நீலமாக இருந்தது. முத்திரை விழுந்தது.

இரண்டாம் பந்தலுக்கு எட்டு ஐம்பதுக்குப் போனாள். அங்கே துணைத் தலைவர் தயாராக நின்றது மட்டுமல்ல, பறந்துகொண்டும் இருந்தார். உரை இல்லை, பொன்னாடை இல்லை, ரிப்பனை ஒரே வெட்டு. “சீக்கிரம் குடிம்மா, சீக்கிரம்,” என்று கையைப் பிசைந்தார். பேரவையிலும் சுறுசுறுப்பானவர் ஒருவர் இருக்கிறார் என்று அவள் சந்தோஷப்பட்டாள். அவர் ஏன் கடிகாரத்தையே பார்த்தார் என்பது மூன்றாம் பந்தலில் தெரிந்தது.

மூன்றாம் பந்தல், புதுக்கோட்டைக்குச் சற்று முன்னால். ஒன்பதரைக்கு அங்கே போய் நின்றாள். வாழைமரம் இருந்தது, ரிப்பன் இருந்தது, கத்தரிக்கோல் தாம்பாளத்தில் இருந்தது. துணைத் தலைவர் முத்துராஜும் நாற்காலியில் இருந்தார். ஹார்டுவேர் கடைக்காரர், நல்ல மனுஷர். ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை.

“ஐயா, ரிப்பன வெட்டுனீங்கன்னா குடிச்சிட்டுப் போயிருவேன்.”

“ஒம்பது மணி தாண்டிருச்சேம்மா.”

“ஆமாங்க. அதுக்கென்ன?”

“இன்னைக்குச் சனிக்கெழமை. ஒம்பதுலேர்ந்து பத்தரை வரைக்கும் ராகுகாலம். அஞ்சரைக்கு நீங்க கெளம்பியிருந்தா ராகுகாலத்துக்கு முன்னாடியே எல்லாப் பந்தலும் தெறந்துருக்கும். இப்ப நான் எப்படிம்மா வெட்டுவேன்? போன வருசம் எமகண்டத்துல ஒரு ஏ.டி.எம். தெறந்து வச்சேன். இன்னைக்கு வரைக்கும் அதுல பணம் வந்ததில்லை.”

“அப்ப வெட்டாமலே, நான் இப்படி இங்கிட்டுச் சுத்தி வந்து ஒரு தம்ளர் எடுத்துக்கிறேனே.”

முத்துராஜ் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். “தெறக்காத வரைக்கும் இது பந்தலே இல்லம்மா. வெறும் டிரம்மு. டிரம்முல குடிச்சதுக்கு எப்படி முத்திரை போடுறது?”

தேவிப்ரியா ரோட்டோரத்தில் உட்கார்ந்தாள். கைக்கெட்டும் தூரத்தில் இருநூறு லிட்டர் பானம், நடுவில் ஒரு விரல் அகல ரிப்பன். பத்து நிமிடத்தில் இரண்டு பேர் வந்தார்கள், பிறகு ஐந்து பேர், பிறகு கூட்டம். ஒரு மணி நேரம் முந்தி வந்தவரும் பிந்தி வந்தவரும் ராகுவின் முன்னிலையில் சமமானார்கள். அவள் உழைத்துச் சேர்த்த முன்னிலை கண்ணெதிரே கரைந்து போனது. அழுகை வந்தது. அழுதால் உடம்பில் இருக்கிற தண்ணீரும் போய்விடுமே என்று அடக்கிக்கொண்டாள்.

டிரம்முக்குப் பக்கத்தில் சூசைராஜ் நின்றுகொண்டிருந்தார். ஆவூர்க்காரர், கல்யாணச் சமையலில் பேர் போனவர். ஆறு பந்தலுக்கும் பானம் கலக்கும் பொறுப்பை அவரிடம்தான் பேரவை ஒப்படைத்திருந்தது.

“அண்ணே, இது ஏன் இவ்வளவு கெட்டியா இருக்கு?” என்று கேட்டாள் தேவிப்ரியா.

சூசைராஜ் முகம் மலர்ந்தது. யாரோ ஒருத்திக்காவது கைப்பக்குவம் தெரிந்திருக்கிறதே.

“லிட்டருக்கு ஒரு பாக்கெட்டுன்னு அட்டையில போட்டிருந்துச்சு தங்கச்சி. கலக்கி வாயில வச்சுப் பாத்தேன், வெறும் பச்சத்தண்ணி. இதப் பந்தியில வச்சா எலைய மூடிட்டு எந்திரிச்சுப் போயிருவாங்க. கல்யாண வீட்டுல பாயசம் தண்ணியா இருந்துச்சுன்னு எம் பேர்ல ஒரு சொல்லு வந்ததில்லை. அதான் மூணு பாக்கெட்டாப் போட்டு, பத்தாதுக்கு ஒரு கை சவ்வரிசிக் கஞ்சியும் விட்டேன். இப்பத்தான் கரண்டியில நிக்கிது.”

ஜெல்லி எங்கிருந்து வந்தது என்பது தெரிந்துவிட்டது.

பத்து மணிக்கு அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. தலை லேசாகச் சுற்றியது. அரவிந்த்குமார் வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“தேவி, ரெண்டு மடக்கு குடி.”

“வேணாம் மாமா. பாத்துருவாங்க.”

“வேலை கெடைக்கிறதுக்கு ஆளு இருக்கணும்ல. குடி புள்ள.”

குடித்தாள். இரண்டு மடக்கு என்று ஆரம்பித்தது பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு இறங்கிய பிறகுதான் நின்றது. கண்ணில் வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது, எதிரே வந்து நின்ற வெள்ளை ஆம்னி வேன். அதில் ‘திரவக் கண்காணிப்புப் பறக்கும் படை’ என்று பேனர் கட்டியிருந்தது.

இறங்கியவர் இணைச் செயலாளர் பிரசாந்த். விதிகளை முழுதாகப் படித்தவர் பேரவையிலேயே அவர் ஒருவர்தான். அவற்றை நம்பியவரும் அவர் ஒருவர்தான். கழுத்தில் விசில், கையில் அரக்கும் மெழுகுவர்த்தியும்.

“அக்கா, நாக்க நீட்டுங்க.”

நீட்டினாள். நீலம் கழுவிப் போயிருந்தது.

பிரசாந்துக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. வருத்தத்தோடு பாட்டிலை வாங்கி, மூடியில் அரக்கு உருக்கி ஊற்றி, பேரவை முத்திரை வைத்து, ஒரு படிவத்தை நிரப்பினார். வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதினார்.

“திரவத்தின் நிறம், இல்லை. மணம், இல்லை. சுவை, பரிசோதிக்கப்படவில்லை. கெடைச்ச இடம், ஓட்டக்காரரின் வாய்க்கு ஆறு அங்குலம் கீழே. இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கக்கா.”

“அப்ப நான் ஓடக் கூடாதா?”

“ஓடலாங்கக்கா. ஓட்டத்த நிறுத்தச் சொல்லி விதியில இல்லை. முடிவத்தான் நிறுத்தி வைப்போம்.”

பத்தரை மணிக்கு முத்துராஜ் எழுந்து கிழக்குப் பார்த்து நின்று ரிப்பனை வெட்டினார். தாகத்தில் கிடந்த மற்ற அறுபத்தோரு பேரும் டிரம்மின் மேல் விழுந்தார்கள். ஆளுக்கு மூன்று தம்ளர், நான்கு தம்ளர். சூசைராஜ் கரண்டியை நட்டு வைத்துவிட்டு, கல்யாண வீட்டில் முதல் பந்தியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார். தேவிப்ரியாவுக்குத் தாகமில்லை. விதிக்கு ஒரு தம்ளர் மட்டும் குடித்து, நீல நாக்கைக் காட்டி, முத்திரை வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

அவள் முடிவு நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. கால்களிடம் அதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது, அவை ஓடின. புதுக்கோட்டை ஊருக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, திருச்சி ரோட்டில் ஏறியபோது பின்னால் முப்பது பேர் நெருக்கமாக வந்துகொண்டிருந்தார்கள். நாலாம் பந்தலுக்கு முன்பே அந்தச் சத்தம் குறைந்தது. திரும்பிப் பார்த்தாள். ரோட்டின் இரண்டு பக்கமும் தைலமரக் காடு. ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இடது பக்கம் இறங்கினார். இன்னொருவர் வலது பக்கம். அப்புறம் நாலு பேர் ஒன்றாக. சூசைராஜின் கைப்பக்குவம் வேலை செய்யத் தொடங்கியிருந்தது. ஐந்தாம் பந்தலைத் தாண்டியபோது ரோட்டில் ஓடியவர்களைவிடக் காட்டுக்குள் இருந்தவர்கள் அதிகம். தேவிப்ரியாவுக்கும் வயிறு கடமுட என்றது. ஆனால் நாலு தம்ளர் குடித்த வயிற்றுக்கும் ஒரு தம்ளர் குடித்த வயிற்றுக்கும் வித்தியாசம் இருக்கிறதே. பல்லைக் கடித்துக்கொண்டு ஆறாவது முத்திரையையும் வாங்கினாள்.

பகல் ஒரு மணி வாக்கில் நார்த்தாமலை அடிவாரத்துக்கு அவள் முதல் ஆளாக வந்தாள். பெண்களில் மட்டுமல்ல, மொத்தத்திலேயே முதல் ஆள். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் அரவிந்த்குமார் ஓடிவந்து பிடித்துக்கொண்டான். வாய் கொள்ளாத சிரிப்பு அவனுக்கு, கண்ணிலும் தண்ணீர். அந்த நிமிடம் இருவருக்கும் ஆம்னி வேன் மறந்தே போயிருந்தது.

மேடையில் பிரசாந்த் மைக்கை எடுத்தார். “பெண்கள் பிரிவு எண் ஏழு, அங்கீகரிக்கப்படாத திரவம் பருகிய புகாரின் பேரில், முடிவு நிறுத்தி வைக்கப்படுகிறது.”

அடுத்து வெற்றிசெல்வன் எழுந்தார். காலையிலிருந்து விழுந்த பொன்னாடைகளில் மூன்று அவர் தோளிலேயே இருந்தன, படத்தில் விழட்டும் என்று எடுக்காமல் வைத்திருந்தார். பன்னிரண்டு மணியிலிருந்து வெயிலில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் ஒரு ஜாடி நிறைய நீலசக்தி இருந்தது, அவர் தொடவில்லை.

“நண்பர்களே, வேதனையோடு சொல்கிறேன். மனக்கட்டுப்பாடு இல்லாதவர்களால்தான் தண்ணீர் குடிக்கப்படுகிறது. என்னைப் பாருங்கள். காலையிலிருந்து இந்த மாரத்தானுக்காக உழைக்கிறேன். ஒரு சொட்டுத் தண்ணீர், ஒரே ஒரு சொட்டு...”

அதற்கு மேல் பேச்சு வரவில்லை. தலைவர் மெதுவாக, மூன்று பொன்னாடைகளோடும், மேடையில் சரிந்தார்.

டாக்டர் பவுசியா மேடைக்கு ஓடினார். பொன்னாடைகளை உருவிப் போட்டுவிட்டு, நாடி பார்த்தார். வெற்றிசெல்வன் கண்ணைத் திறந்து உதட்டை அசைத்தார். ஒரு துணைத் தலைவர் பதறிப்போய் நீலசக்தியை வாயருகே கொண்டுபோனார். வெற்றிசெல்வன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“எனக்குச் சுகர் இருக்குய்யா,” என்றார் மெல்லிய குரலில். மைக் அவர் மார்பின் மேல்தான் கிடந்தது. “தண்ணி... தண்ணி குடுங்க.”

தண்ணீருக்கு எங்கே போவது? ஓட்டப் பாதையிலிருந்து இருநூறு மீட்டருக்குள் தண்ணீர்க் கேன் வைக்கத் தடை. மேடைக்குப் பின்னால் இருந்த இரண்டு கேன்களையும் காலையிலேயே பறக்கும் படை கவிழ்த்துவிட்டிருந்தது. டாக்டர் கேட்டார், “இங்க யார்கிட்டயுமே தண்ணி இல்லையா?”

எல்லாரும் ஆம்னி வேனைப் பார்த்தார்கள்.

“அது சான்றுப் பொருள் மேடம்,” என்றார் பிரசாந்த். “முத்திரைய ஒடைக்க முடியாது.”

“தம்பி, முத்திரை வேணுமா, தலைவர் வேணுமா?”

பிரசாந்த் யோசித்தார். அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே டாக்டர் வேனைத் திறந்து, அரக்கைக் கல்லில் தட்டி உடைத்து, பாட்டிலைத் தலைவர் வாயில் வைத்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் குடிங்க என்று சொன்னதை வெற்றிசெல்வன் காதில் வாங்கவில்லை. கடைசிச் சொட்டுவரை குடித்தார். எழுந்து உட்கார்ந்தார். முகம் தெளிந்திருந்தது.

“இன்னும் கொஞ்சம் இருக்கா?” என்றார்.

விசாரணையைப் புதன்கிழமை வைத்தார்கள். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. தேவிப்ரியா நாலு இரவாகத் தூங்கவில்லை. ஓடி ஜெயித்ததை ஒரு பாட்டில் தண்ணீரில் விட்டோமே என்று தன்மேல்தான் அவளுக்குக் கோபம். அன்று காலை மெஷினுக்கு இங்க் மாற்றும்போது தூக்கக் கலக்கத்தில் சட்டையெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் வெற்றிசெல்வன், முத்துராஜ், பிரசாந்த். இந்தப் பக்கம் அவள் ஒருத்தி.

“தண்ணீர் குடிச்சதை ஒத்துக்கிறியாம்மா?” என்றார் வெற்றிசெல்வன்.

யாராவது ஒரு தாளை வைத்துக்கொண்டு பேசினால் அதன் நகலைக் கேட்பது அவளுக்குத் தொழில்பழக்கம். “புகாரோட நகல் ஒன்னு குடுங்கய்யா. படிச்சிட்டுச் சொல்றேன்.”

கொடுத்தார்கள். விரல் வைத்துப் படித்தாள். கீழே ஒரு கட்டத்தில் ‘சான்றுப் பொருள்: பாட்டில் ஒன்று, திரவம் மற்றும் முத்திரையுடன்’ என்று இருந்தது.

“இத எடுத்து வைங்கய்யா. என்னோடதுதானான்னு பாத்துட்டுக் கையெழுத்துப் போடுறேன்.”

வெற்றிசெல்வன் மின்விசிறியைப் பார்த்தார். முத்துராஜ் நகத்தைப் பார்த்தார். பிரசாந்த் மட்டும் விதி நூலைத் திறந்தார்.

“சான்றுப் பொருள் இப்ப இருக்கிற இடத்தக் கட்டத்துல எழுதணுங்கய்யா.”

“என்னன்னு எழுதுவ?” என்றார் வெற்றிசெல்வன்.

“தலைவரிடம்னு.”

“எங்கிட்ட எங்க இருக்கு?”

“ஒங்களுக்குள்ளதான்ய்யா இருந்துச்சு. சனிக்கெழமைக்கு மட்டும் அப்படி எழுதலாம். அதுக்கப்புறம் அழிக்கப்பட்டதுன்னு எழுதணும். அழிச்சவர் பேரையும் போடணும். அங்கீகரிக்கப்படாத திரவத்தப் பருகினா நிர்வாகிகளுக்கும் பதவி நீக்கம்னு விதி இருக்கு. நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க.” குரலில் துளியும் கேலி இல்லை. அவருக்குக் கேலி செய்யத் தெரியாது.

தேவிப்ரியாவை வெளியே உட்காரச் சொன்னார்கள். முக்கால் மணி நேரம் கழித்துக் கூப்பிட்டு, புதிய தீர்மானத்தை வாசித்தார்கள். ‘போட்டி நாளன்று எண் ஏழு பருகிய அதே பாட்டிலிலிருந்து மாண்புமிகு தலைவர் அவர்களும் பருகி நலமுடன் இருப்பதால், மேற்படி திரவம் அன்றைய தேதி காலை முதலே அங்கீகரிக்கப்பட்டதாகக் கருதப்படும்.’

இவ்வாறாகத் தண்ணீருக்குப் பேரவையின் அங்கீகாரம் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை விண்ணப்பம் வாங்கும் ஜன்னலில் இருந்த பெண் எல்லாத் தாளையும் புரட்டி, சான்றிதழில் நின்றார். ஒருமுறை படித்தார். கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் படித்தார்.

“எதுலம்மா முதலிடம்?”

“ஓட்டத்துலங்க.”

“ஓட்டம்னு இதுல எங்கயுமே இல்லையே. இங்க பாருங்க. ‘தேவிப்ரியா என்பவர் ஆறு பந்தல்களிலும் அங்கீகரிக்கப்பட்ட திரவங்களை மட்டுமே முறைப்படி பருகி, பெண்கள் பிரிவில் முதலிடம் பெற்றார்.’”

தேவிப்ரியா ஜன்னலுக்குள் தலையை விட்டுப் படித்தாள். உண்மைதான். தலைவர் பெயர் இருந்தது, திரவக் குழுவின் பெயர் இருந்தது, நீலசக்தியின் படமே இருந்தது. நாற்பத்திரண்டு கிலோமீட்டர் மட்டும் இல்லை. எத்தனையோ பேருடைய தாள்களில் விட்டுப்போன வரிகளைக் கண்டுபிடித்துச் சொன்னவள், தன் தாளைச் சந்தோஷத்தில் படிக்காமலே பத்து நகல் எடுத்து வைத்திருந்தாள்.

“நெசமா ஓடுனேங்க,” என்றாள். “திருமயத்துலேர்ந்து நார்த்தாமலை வரைக்கும் ஓடுனேன்.”

அந்தப் பெண் சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்து, கோபுரச் சின்னம் மாதிரி ஏதோ ஒன்று, வட்ட முத்திரை, பச்சை மையில் கையெழுத்து என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சரிபார்த்தார். பிறகு அவளை ஏற இறங்கப் பார்த்தார். வெயிலில் கறுத்த முகம், தோல் உரிந்த கணுக்கால்.

“ஒங்களப் பாத்தாலே ஓடுன ஆளுன்னு தெரியுது. ஆனா அதுக்காக வாங்க முடியாதும்மா,” என்றார். “சீல் இருக்கு. அதனால வாங்கிக்கிறேன்.”

டப் என்று தேதி முத்திரையைக் குத்தி, ஒப்புகைச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். தேவிப்ரியா அதை இரண்டு கையாலும் வாங்கி, இந்தமுறை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை அங்கேயே நின்று படித்தாள்.